ஓட்டை விழாத தட்டு

"மாரண்ணா, உங்க ரத்தம் ஏதோ சேட்டை பண்ணுது."

அருள்குமார் தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்த மாரப்பனின் கை அப்படியே நின்றது.

"என்னங்க தம்பி பண்ணுது?"

"ஓட்டையே விழல."

தருமபுரிக்கு வெளியே இருந்த அந்த ஆய்வகத்தில் ஏழு மாதமாக ஒரே வேலைதான். பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பெரியவர்கள் நூற்றிருபது பேரின் ரத்தம் வந்திருந்தது. சின்ன வயதில் அவர்களுக்குக் குத்திய பெரியம்மைத் தடுப்பூசியின் காப்பு இன்னும் உடம்பில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழி குழியான தட்டில் உயிரணுக்களைப் பாய் விரித்த மாதிரி வளர்ப்பார்கள். அந்தத் தடுப்பூசியில் இருக்கிற, மாட்டம்மைக் கிருமிக்கு உறவான சாதுவான கிருமியை, ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரோடு கலந்து பாயின்மேல் விடுவார்கள். காப்பு இல்லாத ரத்தம் என்றால் கிருமி பாயை அங்கங்கே தின்று ஓட்டை போடும். காப்பு இருந்தால் பாய் பாயாகவே இருக்கும். ஊதாச் சாயம் ஊற்றி ஓட்டையை எண்ணுவார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஊசியே குத்தாத ஒருவரின் ரத்தம் வேண்டும். அந்த ஊசியை நிறுத்திய பிறகு பிறந்த ஆளாக இருக்க வேண்டும். டாக்டர் யுவராணி பதிவேட்டைப் புரட்டி, "மாரப்பன், எண்பத்திரண்டுல பொறந்தவரு. சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அருள்குமார் ரத்தம் எடுக்கும்போது, "கையில என்னண்ணா வட்டம் வட்டமா?" என்று கேட்டான். "மாட்டு வேலைன்னா கை அப்படித்தான் தம்பி" என்றான் மாரப்பன்.

அவன் பயம் கையைப் பற்றியது இல்லை. எட்டு வருடம் முன்பு இந்த வேலைக்கு முப்பத்தைந்து வயதுதான் வரம்பு. அப்போது அவனுக்கு நாற்பத்தைந்து. பத்து வயதைக் கழித்துச் சொல்லிச் சேர்ந்தான். எழுத்து தெரியாத காலத்தில் காகிதத்தைக் கண்டால் அவனுக்குப் பயம். முதியோர் வகுப்புக்குப் போய்ப் படிக்கக் கற்ற பிறகு காகிதத்தில் இருப்பதுதான் தன் வயது என்று தானே நம்பத் தொடங்கியிருந்தான். இப்போது ரத்தம் வேறு கணக்குச் சொல்கிறது.

யுவராணி தட்டைப் பார்த்துவிட்டு, "வேற ஆள் ரத்தம் எடுங்க" என்றார்.

மாரப்பன் முந்திக்கொண்டான். "எங்கூட்டுக்காரிதுங்க மேடம். செல்லி. எண்பத்தஞ்சு. அவ வயசு சுத்தமானதுங்க."

அவனுக்கு மறுபடியும் மூச்சு வந்தது. தன் ரத்தம் கணக்கிலிருந்து விலகிவிடும், ஓட்டை விழும், எல்லாம் சரியாகிவிடும். காலையில் தேநீருக்கு எருமைப்பால் ஊற்ற வந்த செல்லியைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவள் முறைத்துக்கொண்டே கையை நீட்டினாள்.

நாலாம் நாள் தட்டு வந்தது. செல்லியின் குழியிலும் ஒரு ஓட்டை இல்லை.

அன்று வீட்டில் சோறு போட்டவளை மாரப்பன் நெடுநேரம் பார்த்தான்.

"ஏ செல்லி, உனக்கு நெசமா எத்தினி வயசு?"

"என்ன கேட்ட?"

"இல்ல, உங்கப்பன் கண்ணாலத்தப்போ கொறைச்சுச் சொல்லியிருப்பாரோன்னு…"

குழம்புச் சட்டி அவன் தட்டுக்கு வராமல் அடுப்புக்கே திரும்பிப் போனது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் எருமையோடு மட்டும் பேசினாள்.

மறுவாரம் ஆய்வகத்தில் விவகாரம் முற்றியது. "ஒப்பிடற ரத்தமே தப்புன்னா நூத்தியிருபது பேரு கணக்கும் குப்பைக்குத்தான்" என்றார் யுவராணி. "அருள், குழாயை மாத்தி வெச்சிருக்கீங்க. வேற காரணம் இருக்க முடியாது. உங்க வேலை நீட்டிப்புக் கடிதத்துல நான் கையெழுத்துப் போட முடியாது."

அருள்குமார் தலை குனிந்து நின்றான். குழாய் ஒட்டுச்சீட்டில் பெயர் எழுத மாரப்பனைப் பழக்கியவன் அவன்தான். 'ழ'கரம் கோணினால்கூடச் சிரிக்க மாட்டான். மாரப்பன் கையிலிருந்த குழாயை வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் வந்தான்.

"மேடம், தம்பி மேல குத்தமில்லைங்க. என் வயசு பொய்யிங்க. எனக்கு அம்பத்தி மூணு."

யுவராணி கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப உங்களுக்கு அம்மை குத்தியிருக்காங்களா?"

"குத்தாம விட்டிருப்பாங்களா மேடம்?"

"தழும்பைக் காட்டுங்க."

மாரப்பன் இடது கைச் சட்டையைச் சுருட்டினான். இல்லை. வலது கையைச் சுருட்டினான். அங்கும் இல்லை. "கழுவிக் கழுவி அழிஞ்சிருக்குமுங்க" என்றான்.

"அது அழியாது மாரப்பன்." அவர் பதிவேட்டை எடுத்து, எண்பத்திரண்டை அடித்து எழுபத்திரண்டு என்று எழுதினார். பேனா நிற்கவில்லை. "சரி. உங்க வீட்டம்மா ரத்தம் ஏன் அப்படி இருக்கு?"

அருள்குமார் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தான். பாதி தூரம் வந்தாகிவிட்டது. மீதியையும் தாண்டினால்தான் பையன் தப்பிப்பான்.

"அவளுக்கும்… பத்து வயசு கூட இருக்குமுங்க."

வாசலில் பால்கேன் ணங்கென்று தரையில் உட்கார்ந்தது. செல்லி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நேராக மேசைக்கு வந்து, இரண்டு கையையும் யுவராணி முன்னால் விரித்தாள். விரலெல்லாம் வட்ட வட்டமாகத் தழும்பு.

"ஏனுங்க மேடம், எனக்கு நாப்பதுதானுங்க. எங்க ரெண்டு பேரு ரத்தத்தையும் மாத்தி மாத்திப் பாத்தீங்களே, போன தையில மடியெல்லாம் அம்மைக் கொப்புளமா கெடந்துச்சே எங்கெருமை, அதக் கறந்துதானே ரெண்டு பேரு கையும் ஒரு மாசம் இப்படிப் புண்ணாக் கெடந்துச்சு, அத இந்த மனுசன் உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களா?"