டிஸ்பேட்ச் அக்காவும் காட்டுச் சடையனும்

திகில் கதைக்கு இத்தனை பயந்துகொண்டு, அதை இத்தனை விடாமல் படித்த ஆத்மா கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே வேறு கிடையாது. பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் அவரை 'டிஸ்பேட்ச் அக்கா' என்போம். பம்புகளை லாரியில் ஏற்றி அனுப்புவது அவர் பொறுப்பு. அவரைப் பார்த்தாலே டிரைவர்கள் பீடியை அணைப்பார்கள். அப்பேர்ப்பட்டவர், கையில் திகில் நாவல் இருந்தால் டீ கிளாஸ் வைக்கிற சத்தத்துக்கே துள்ளி விழுவார்.

ஒருமுறை அவரிடம் சிக்கியது காட்டுச் சடையன் கதை. உடம்பெல்லாம் முடி, பாதம் மட்டும் பின்பக்கம் திரும்பியிருக்கும் மிருகம். தடத்தைப் பார்த்தால் அது போய்விட்ட மாதிரி இருக்கும். உண்மையில் நம்மை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கும். அதைப் படித்த நாள்முதல் அக்கா மண்ணைப் பார்த்தே நடந்தார். வார்ப்பு மண் குவியலில் ஏதோ தடத்தைக் கண்டு, மேனேஜரையே ஷூவைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைச் சரிபார்த்தார். பாவம், மனிதரும் காட்டிவிட்டுப் போனார்.

கடைசி அத்தியாயம் ஓடிய அன்று காலை, மலையடிவாரத்திலிருந்து ஒற்றை யானை ஒன்று கேட்டை முட்டித் தள்ளி உள்ளே வந்துவிட்டது. எல்லோரும் மாடிக்கு ஓடினோம். முதலில் ஓடியவர் செக்யூரிட்டி. மேலே போன பிறகுதான் அக்கா இல்லை என்று தெரிந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால், லோடிங் மேடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். யானை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று டிபன் பையைத் துழாவுகிறது. கத்தினால் அது மிரண்டுவிடும்.

லோடுமேன் யாரோ அவசரப்படுத்துவதாக நினைத்தாரோ என்னவோ, அக்கா தலை நிமிராமலே, "சித்த பொறு கண்ணு, ரெண்டு பக்கந்தான் இருக்குது" என்றார்.

யானை பொறுத்தது. பையிலிருந்த வாழைப்பழங்களைத் தின்றுவிட்டு வந்த வழியே போனது.

ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னோம். அக்கா புத்தகத்தை மூடினார். "யானைதானுங்களே?"

சாயங்காலம், வெயில் இன்னும் சுள்ளென்று அடிக்கும்போதே, என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங் தம்பி, கடைசி வரைக்கும் அந்தச் சடையன் சாகவே இல்லீங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வாரீங்களா?"

போனேன். வழியெல்லாம் அவர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்ததில், திரும்பித் தனியாக நடக்க எனக்குத்தான் பயமாக இருந்தது.

அதன் பிறகு அவர் ரிட்டயராகி ஈரோட்டில் மகள் வீட்டுக்குப் போகும்வரை, தினமும் பஸ் ஸ்டாப்புக்குச் சேர்ந்துதான் நடந்தோம். பஸ் சீக்கிரம் வந்துவிடுகிற நாட்கள் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.