ஒரு தட்டு மேலே

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். போனில் பேசலாமென்றால் நீ எடுக்கிற ஆளில்லை. தவிர, போன் தொட்டிலுக்கு அடியில் பாடிக்கொண்டிருக்கிறது, எடுத்தால் பொடிசு விழித்துக்கொள்வாள். லேப்டாப்பில் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது, தொட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மிச்சமிருப்பது பேனாவும் நானும்தான். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன்.

விஷயம் இதுதான். நாளைக்கு வேலையை விடப் போகிறேன். பிரசவ விடுப்பு முடிந்து போனதும் எங்கள் டீம் லீடர் ஒரு பிழையைச் சரிசெய்யக் கொடுத்தார். அவருக்கு ஆபீசில் ‘சின்ன விஷயம்’ என்றுதான் பேர், எதைக் கொடுத்தாலும் அப்படிச் சொல்லியே கொடுப்பார். அப்பா தையல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எம்பொண்ணு கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்குறா” என்று அளக்கிறாரே, அது நிஜம். பெரிய கம்ப்யூட்டருக்குள் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைக் குடிவைப்போம். வீட்டுக்காரர் கீழ் அறைகளைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டு குடித்தனக்காரரை மேலே தள்ளிவிடுவார். குடித்தனக்காரரோ இன்னும் முதல் அறையிலிருந்தே எண்ணுவார். அதனால் அந்தச் சின்னக் கம்ப்யூட்டரின் கெர்னல், மூளை என்று வைத்துக்கொள்ளேன், நினைவகத்தில் எதைத் தேடினாலும் தள்ளிவைத்த அளவை முகவரியோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும். எங்களுடையது ஒழுங்காகக் கூட்டுகிறது, கூட்டிவிட்டு இல்லாத அறைக்குள் காலை வைத்து விழுகிறது. கூட்டலே வேண்டாம் என்று எல்லா இடத்திலும் எடுத்தேன், எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. திரும்பப் போட்டேன், எழுந்தது, விழுந்தது. பொடிசுகூட இதற்குள் நிற்கப் பழகிவிட்டாள்.

இன்றைக்கு ‘சின்ன விஷயம்’ வந்து, ரொம்பக் கனிவாக, “கைக்குழந்தையோட கஷ்டமாத்தான் இருக்கும். நாளைக்குள்ள முடியலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடறேன், நீங்க கையேடு எழுதுங்க, அது சின்ன விஷயம்தான்” என்றார். கையேடு என்றால் மூலையில் உட்கார் என்று அர்த்தம். பொடிசு பிறக்கும்போது என் மூளையில பாதியையும் சேர்த்து எடுத்துக்கிட்டு வந்துட்டாளோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு அக்கா.

இதில் இவருடைய உதவி வேறு. பொடிசு அலமாரியின் கீழ்த்தட்டைப் பிடித்து எழுந்து நின்று மாவு டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். இவர் உடனே எல்லாவற்றையும் ஒரு தட்டு மேலே ஏற்றிவிட்டார். நல்ல காரியம்தான். ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. குழந்தை தூங்கும்போது விளக்குப் போட முடியாதா, கை பழக்கத்தில் போகிறது, சர்க்கரை இருந்த இடத்தில் உப்பு, டீயைக் குடித்துவிட்டுத் துப்பினேன். தேங்காய் எண்ணெய் என்று தலையில் தடவினது தேன். அப்படியே மீட்டிங்கில் உட்கார்ந்தேன், ஒரு ஈயும் கலந்துகொண்டது. ஏங்க இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டா, “ஒரு தட்டுதானே மாத்தினேன், ஒண்ணு கூட்டிக்கோயேன்” என்கிறார். ஆபீசிலும் கூட்டல், வீட்டிலும் கூட்டல், நான் மட்டும் கழிந்துகொண்டே வருகிறேன்.

ஆகவே அக்கா, போன வாரம் வந்திருந்தபோது, வேலையை விட்டுவிடலாமா என்று நான் புலம்பினதற்கு, “அப்பாகிட்ட நான் பதமா எடுத்துச் சொல்றேன், நீ கவலப்படாதே” என்றாயே, இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லிவிடு. அவர் கடையில் அளப்பதை நிறுத்த வேண்டுமே என்பதுதான் எனக்கு வருத்தம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், ரொம்பவும் வேண்டாம்.

உன் பாசத்துக்குரிய தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தால் சோதனை வழக்கம்போல் விழுந்து கிடந்தது. சரி, கடிதத்தையாவது முடிப்போம் என்று இவரை உலுக்கி, கவர் எங்கே என்றேன். கண்ணைத் திறக்காமலே, “மூணாவது தட்டு” என்றார். நாலாவதில் கையை விட்டேன். கரப்பான் மருந்து டப்பா உருண்டு விழுந்தது.

“மூணுன்னு சொன்னா நாலுல என்ன பண்றே?”

“நீங்கதானே ஒண்ணு கூட்டச் சொன்னீங்க.”

“அடியே, நான் கூட்டித்தான் சொன்னேன்.”

அப்படியே நின்றுவிட்டேன் அக்கா. வீட்டுக்காரக் கம்ப்யூட்டர், குடித்தனக்காரர் எழுந்ததும் படிக்கச் சொல்லி, ஒரே ஒரு முகவரியைத் தானே எழுதி உள்ளே அனுப்புகிறது. கூட்டியேதான் அனுப்புகிறது. எங்கள் கெர்னல் அதை மரியாதையாக வாங்கி இன்னொரு தடவை கூட்டுகிறது. அந்த ஒரு இடத்தில் மட்டும் கூட்டலை எடுத்தேன். எழுந்தது. நின்றது. இதை எழுதும்போதும் நின்றுகொண்டிருக்கிறது. வேலையை விடவில்லை. காலையில் ‘சின்ன விஷயம்’ வந்து என்ன ஆச்சு என்று கேட்டால், “சின்ன விஷயம்தான் சார்” என்று சொல்லப் போகிறேன்.

இதைக் கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் இவரைத் திட்டினது நன்றாக வந்திருக்கிறது, நீயாவது படி. இப்போது பயமெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். நேற்று நானே அவரிடம் ஜாடையாக, “வேலை கொஞ்சம் சரியில்லப்பா” என்று சொல்லிவைத்தேன். நீயும் உன் பங்குக்குப் பதமாகச் சொல்லியிருந்தால், மனுஷன் இரண்டையும் கூட்டிப் பார்த்துக் கடையைப் பூட்டிவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். சொல்லிவிட்டாயா, இல்லையா? அதை மட்டுமாவது சீக்கிரம் எழுது.