உரக்கப் படிப்பதை நிறுத்த மாட்டேன்

சத்தியவேடு
14-10-60

திருத்தணியில் இருக்கும் என் தங்கை புருஷன் கோவர்த்தனன் மாப்பிள்ளைக்கு, கங்கையா எழுதுவது. இங்கு நானும் சென்னம்மாவும் இரண்டு மாடுகளும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கும், தங்கை தாட்சாயணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதற்கும் பதில் எழுதவும்.

உங்கள் கடிதம் வந்தது. "கூடப் படிக்கிறவர்கள் கஷ்டப்படும்போது பழையதை மனதில் வைக்கலாமா, சொல்லிக்கொடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதலாம். எல்லையைப் பிரித்தபோது உங்கள் திருத்தணி மதராஸ் பக்கம் போய்விட்டது, எங்கள் சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்துவிட்டது. நீங்கள் புதிதாக ஒரு எழுத்துகூடக் கற்க வேண்டாம். நானோ பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், மளிகைப் பொட்டலம் மடித்த காகிதத்தைப் பார்த்துத் தமிழ் படித்து, அதை வைத்து இருபது வருஷமாகக் கிராம முன்சீப்பாக இருப்பவன். வருகிற இருபத்தெட்டாம் தேதி சித்தூரில் ஓர் அதிகாரி முன்னால் தெலுங்கு நோட்டீசு ஒன்றை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். தவறினால் வேலை போய்விடும். சுற்றுவட்டார முன்சீப்புகள் எல்லாருக்கும் இதே உத்தரவு. அதற்காக வைத்த வகுப்பில்தான் ஐம்பத்தைந்து வயதில் எனக்கு முதல்முதலாக வகுப்புத் தோழர்கள் கிடைத்தார்கள்: சிட்டிபாபு, துலுக்காணம், பாலையா. மூவரும் ஹைஸ்கூல் பார்த்தவர்கள்.

முதல் நாளே நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்ததும் மூன்று பேரும் மறுமுனையிலிருந்து ஒன்றாக எழுந்தார்கள். பெஞ்சு சாய்ந்து நான் தரையில் இருந்தேன். "பள்ளிக்கூடத்துல உக்காரவே தெரில, எப்டி பாஸ் பண்ணுவ?" என்று சிட்டிபாபு கேட்க, வகுப்பே சிரித்தது. அதோடு விட்டார்களா? பரீட்சை திருப்பதிக்கு மாறிவிட்டது, நாளைக்கே என்று ஆடி மாதம் ஒரு பொய் சொன்னார்கள். நான் கட்டுச்சோறும் குடையுமாகத் திருப்பதி போய், அங்கே எந்தப் பரீட்சையும் இல்லை என்று தெரிந்து, பரீட்சைக்கென்று வந்தவன் சாமி கும்பிட்டால் வந்த காரியம் பொய்யாகிவிடும் என்று மலைகூட ஏறாமல் திரும்பினேன். இங்கே நம் ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்த துலுக்காணம், "இன்னா கங்கையா, தல மட்டும் அப்டியே கீது, மொட்ட போடலியா?" என்றான். இவர்களுக்கா நான் உதவி செய்ய வேண்டும்?

இப்போது தெலுங்கு வாத்தியார் ரங்கையா மாற்றலாகிப் போய்விட்டார். புத்தகத்தில் நாற்பது நோட்டீசு இருக்கிறது, அதில் ஒன்றைத்தான் சித்தூரில் கொடுப்பார்கள். நாற்பதும் எனக்குப் பாடம். சிரித்துக்கொண்டே ஆறு மாதம் கழித்தவர்களுக்கு நான்கு கூடத் தெரியாது. போன வாரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார்கள். "அண்ணாத்தே, நீதான் காப்பாத்தணும். வேல பூட்சின்னா ஊர்ல எவன் மதிப்பான்?" என்றான் சிட்டிபாபு. "நான் உக்காரவே தெரியாதவன். போய் உக்காரத் தெரிஞ்சவனக் கேளு" என்று பழத்தைத் திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன்.

ஆனால் என் படிப்பு வாய்ப்படிப்பு, மாப்பிள்ளை. யாரும் சொல்லித்தராமல் படித்தவன், தினமும் உரக்கச் சொன்னால்தான் எனக்கு மண்டையில் நிற்கும். மறுநாள் விடியற்காலம் படித்துக்கொண்டே ஜன்னலைப் பார்க்கிறேன், எதிர் வாய்க்கால் கல்வெர்ட்டின் மேல் மூன்று பேரும் மடியில் புத்தகத்தை விரித்து, என் குரலுக்கு ஏற்ப வரியில் விரலை ஓட்டிக்கினு கிறானுங்க! அன்றிலிருந்து மனதுக்குள் படித்தேன். மூன்றாம் வரியில் தூங்கிப்போனேன். மாட்டுக்கொட்டகையில் போய்ப் படித்தேன், சிவப்பி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தண்ணீர் வற்றிய கிணற்றில் இறங்கிப் படித்தேன், அது மைக் செட் வைத்தது மாதிரி மூன்று தெருவுக்குக் கேட்டுவிட்டது. காளஹஸ்தி பஸ்ஸில் ஏறிப் படிக்கலாம் என்று போனால், பின் சீட்டில் அவனுங்களும் டிக்கெட் வாங்கிக்கினு உக்காந்துக்கினு கிறானுங்க. கடைசியில் வேண்டுமென்றே தப்பாகப் படித்தேன். அவர்கள் ஒரே நாளில் மறந்துவிட்டார்கள். எனக்குத்தான் அந்தத் தப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாளாகப் போக மாட்டேன் என்கிறது.

"ஏன்யா, அவுங்க கேட்டா உனுக்கு இன்னா கொறஞ்சி பூடும்?" என்கிறாள் சென்னம்மா. குறையாதுதான். ஆனால் விழுந்தவன் நான், அவள் இல்லை. நான் வாயை மூடினால் என் வேலை போகிறது, வாயைத் திறந்தால் அவர்கள் வேலை நிற்கிறது. யோசித்து முடிவுக்கு வந்துவிட்டேன். உரக்கப் படிப்பதை நிறுத்த மாட்டேன், அது எனக்காக. அவர்களுக்கு ஒரு எழுத்துகூடச் சொல்லித்தர மாட்டேன். இதில் மாற்றம் இல்லை. மறுபடி புத்திமதி எழுதித் தபால் கார்டை வீணாக்க வேண்டாம்.

நீங்களும் தாட்சாயணியும் முருகன் புண்ணியத்தில் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கங்கையா

பின்குறிப்பு: பாலையாவுக்குக் காது மந்தம். அதனால் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்திப் படிக்கிறேன். இது உதவி அல்ல. கல்வெர்ட்டில் வெயில் ஏறிவிடுவதால் சென்னம்மா ஒரு பெஞ்சை எடுத்து ஜன்னலடியில் போட்டிருக்கிறாள். ஒரு முனையில் ஆள் எழுந்தாலும் சாயாதபடி நான்தான் காலுக்குக் கட்டை அடித்தேன். இருபத்தேழாம் தேதி சாயங்காலம் உங்கள் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் சித்தூர் போகலாம் என்று இருக்கிறேன். தாட்சாயணியை நான்கு பேருக்கு உலை வைக்கச் சொல்லவும். அவனுங்களுக்கு என் பக்கத்திலேயே பாய் போடவும். தள்ளிப் படுத்தால் விடியற்காலம் நான் படிக்கிறது பாலையாவுக்குக் கேட்காது.