பேராச்சி படத்துக்கு விழுந்த ரோஜா மாலை

தாராவி,
12-8-1966

மரியாதைக்குரிய மச்சான் கணேசபாண்டியன் அவர்களுக்கு, உங்கள் தங்கை பேராச்சியின் புருஷன் வெயிலுமுத்து கும்பிட்டு எழுதுவது. கல்யாணில் எல்லாரும் சுகமாக இருக்கணும். இங்கே நான் ஒருத்தன்தான், சுகமில்லை.

அவள் என்ன சொன்னாளோ, நடந்ததை நான் சொல்கிறேன். மாட்டுங்காவில் சந்திரமௌலி என்று ஒரு ஆபீசர், ஏதோ பரிசுப் போட்டிக்கு அனுப்பப் பதினைந்து நிமிஷப் படம் எடுத்தார். பொண்டாட்டியைப் பறிகொடுத்து ஒருவரோடும் பேசாமல் கிடந்தவன், அடுத்த வீட்டுக்காரர் கொடுத்த சோற்றை வாங்கிக்கொண்டு அழுவான்; மனுஷனுக்கு மனுஷன் துணை, அதுதான் கதை. "உம்ம மூஞ்சில சோகம் தன்னால இருக்கு ஓய்" என்று என்னையே நடிக்க வைத்தார். செத்த பொண்டாட்டிக்கு ஒரு போட்டோ கேட்டார், புத்தி கெட்டுப்போய் வீட்டிலிருந்து பேராச்சி படத்தைக் கழற்றிக்கொண்டு போனேன், அவர் ரோஜா மாலை போட்டு ஊதுபத்தியும் கொளுத்திவிட்டார். எனக்கு அழுகைதான் வரவில்லை, கண்ணில் கிளிசரின் விட்டார்கள்.

போன ஞாயிறு அதைக் கோவண்டியில் ஒரு ஹாலில் போட்டுக் காட்டினார்கள். அங்கேயே குடியிருக்கிற எங்கள் இசக்கி மதினி மாலையைப் பார்த்தாளோ இல்லையோ, பாதியில் எழுந்து, பத்துப் பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் ஒப்பாரி வைத்துவிட்டாள். நான் பட்டறையில் இருந்தேன். பேராச்சி குழாயடியிலிருந்து வந்திருக்கிறாள். அழுதுவிட்டுத்தானே யாரென்று கேட்பது நம்ம முறை? குடத்தை இறக்கிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து அவளும் அழுதிருக்கிறாள். "தாலியோட போனியே பேராச்சி" என்று மதினி பாடினது காதில் விழுந்ததும், "எந்தப் பேராச்சிக்கா?" என்றாளாம். திரும்பிப் பார்த்த மதினிக்கு மூர்ச்சை தெளிய ஒரு குடம் தண்ணீரும் காலி.

நான் வந்ததும் பேராச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பதினோரு வருசத்துல எனக்கு ஒரு மொழம் பிச்சிப்பூ வாங்கிட்டு வந்திருப்பீரா? செத்தவளுக்கு ரோசாப்பூ மாலை கேக்குதோ?" மாலை சந்திரமௌலி வாங்கினது என்று உண்மையைச் சொன்னேன். "அப்ப அதுவும் நீரு வாங்கலயா!" என்று கல்யாண் வண்டி ஏறிவிட்டாள்.

அஞ்சு நாளாச்சு மச்சான். ரெண்டு தட்டு எடுத்து வச்சிட்டு ஒண்ண திரும்பக் கவுத்துறேன். கிளிசரின் இல்லாமலே கண்ணு கலங்குது. தப்பு எம்மேலதான், எப்படியாவது சொல்லி அவள அனுப்பி வையுங்க. தாதர் ஸ்டேஷன்ல பூவோட நிக்கேன்.

அத்தைக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
வெயிலுமுத்து

பி.கு.: சந்திரமௌலி சார் இப்போதுதான் வந்துவிட்டுப் போகிறார். கடைசி அழுகை போதாதாம், வருகிற ஞாயிறு மறுபடி எடுத்து அனுப்பினால் பரிசு நிச்சயமாம். அதனால திங்கக்கிழமை வரைக்கும் அவள அங்கேயே வச்சுக்கிடுங்க. அவ வந்துட்டா எனக்கு அழுகை வராது மச்சான்.