லாட் நம்பர் ஏழு, கேட்பார் இல்லை

சேரம்பாடி,
வெள்ளிக்கிழமை மாலை.

பெருமதிப்புக்குரிய மச்சான் ஆறுச்சாமி அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் தரணிதரன், எம்.எஸ்சி., பி.எட்., எம்.ஃபில்., வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் அன்னூர் வெயிலில் சுகமாகக் காய்ந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம், கீழே விவரமாக வருகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை அக்கா பிடுங்குவாள், பிடுங்கினால் “நான் அப்பவே சொன்னேன்ல” என்பாள், அவள் எப்போதும் எதையும் சொன்னதில்லை.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்கு அன்னூரிலும் ஒரு பள்ளி இருக்கிறது, அங்கே கணக்கு வாத்தியார் இடம் காலி. என் மாறுதல் விண்ணப்பத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். புதன்கிழமைக்குள் செயலாளர் கையில் நேரில் கொடுத்துவிடுங்கள், பிறகு ஒரு டெம்போவுக்குச் சொல்லி வையுங்கள். கட்டில், பீரோ, நான், ஆக மூன்று உருப்படிதான். பதினான்கு வருடத்துக்கு முன்னால் “மலைக்குப் போங்க மாப்ளே, குளுகுளுன்னு இருக்கும்” என்று ஏற்றிவிட்டவர் தாங்கள், ஆகவே இறக்கிவிடும் கடமையும் தங்களுடையது. எனக்குப் பார்த்த பெண்ணைத் தங்கள் சித்தப்பா மகனுக்கு முடித்து வைத்ததை நான் எப்போதோ மறந்துவிட்டேன். ஆவணி இருபத்திரண்டு, வியாழக்கிழமை, காலை ஏழரை முதல் ஒன்பது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

காரணம், இன்று நடந்த பத்தாம் வகுப்பின் பிரிவுபசார விழா. பத்தாவதில் மொத்தமே பதினொரு பேர், எல்லாரும் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள். வழக்கமாக ஒரு கேக் வெட்டுவோம், மிக்ஸர் கொடுப்போம், தலைமையாசிரியை வாசுகி அம்மையார் அழுவார், போட்டோ எடுத்து அனுப்பிவிடுவோம். இந்த வருடம் ஜீவா என்றொரு பெண் எழுந்து, “ப்ரோக்ராம நாங்களே பாத்துக்கிறோம் மிஸ்” என்றாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. இந்த ஜீவாவுக்கும் எனக்கும் ஒரு பழைய விவகாரம் உண்டு. விடையைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினால் நான் திருத்துவதில்லை, பதினான்கு வருடமாக அதுதான் சட்டம், ஏனென்றால் இந்த ஊர் ஈரத்தில் மை இரண்டு பக்கமும் இறங்கி, எக்ஸ் எது ஒய் எது என்று கடவுளுக்கே தெரியாது. காலாண்டுத் தேர்வில் இவள் ஒரு முழுக் கணக்கைப் பின்பக்கம் போட்டு வைத்தாள், நான் பார்க்கவில்லை, எட்டு மார்க் போயிற்று, அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் மட்டும் சரியாக வைக்கிறாள். அதுதான் பழிவாங்கும் பெண்ணுக்கு அடையாளம்.

நிகழ்ச்சி என்னவென்றால் டீ ஏலமாம். குன்னூரில் வியாபாரிகள் தேயிலையை ஏலம் எடுப்பார்கள் அல்லவா, அதே மாதிரி போகிற பத்தாம் வகுப்பு, ஆசிரியர்களை ஏலம் விடும், இருக்கிற ஒன்பதாம் வகுப்பு எடுத்துக்கொள்ளும். காசுக்குப் பதில் இம்போசிஷன். எந்த ஆசிரியர் வேண்டுமோ அவருக்காக “இனி வகுப்பில் பேச மாட்டேன்” என்று எத்தனை தடவை எழுதத் தயார் என்று கூவ வேண்டும். மேசையில் வரிசையாகக் கண்ணாடி டம்ளர், ஒவ்வொன்றிலும் டீ, மேலே எங்கள் பெயர் ஒட்டியிருக்கிறது. எங்கள் கையில் ஆளுக்கொரு ஏலப் பட்டியல். பாலகுமார் என்பவன், அவன் அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்துக் கட்டிக்கொண்டு, சாம்பார்க் கரண்டியால் டீயை உறிஞ்சி, வாயில் சுழற்றி, பக்கெட்டில் துப்பி, தேயிலை ரகமும் குணமும் சொன்னான். கணக்கில் பதினேழு மார்க் வாங்குகிறவனுக்கு நாக்கில் இவ்வளவு ஞானம் இருக்கும் என்று யார் கண்டது?

முதல் லாட், அதாவது ஏலத்தின் முதல் உருப்படி, தலைமையாசிரியை. “ஆரஞ்சு பெக்கோ. நல்ல நெறம், நல்ல வாசம். லேசா சூடு பட்டாலே தண்ணி விட்ரும்” என்றான். அம்மையார் அங்கேயே அழ ஆரம்பித்தார், நூறு தடவைக்குப் போனார். உடற்பயிற்சி ஆசிரியர் ரவிக்குமாரை, “ப்ரோக்கன். சத்தம் ஜாஸ்தி, சாறு கம்மி” என்றான், நாற்பதுக்குப் போனார். வெட்கப்பட வேண்டிய மனிதர் என் விலாவில் இடித்து, “நாப்பதுங்க சார், நாலு பேரு போட்டி போட்டாங்க, பாத்தீங்கல்ல?” என்கிறார். ஆறாவது லாட் யார் தெரியுமா மச்சான், குரங்கு. சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடுமே, அந்தக் குரங்கு. அதுவும் நேரில் வரவில்லை, படம்தான். அந்தப் படம் எழுபத்தைந்துக்குப் போயிற்று.

பிறகு ஜீவா டஸ்டரால் மேசையைத் தட்டி, “லாட் நம்பர் ஏழு, தரணிதரன் சார், டஸ்ட்” என்றாள். எனக்கு டீ தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா பஸ்ஸில் போட்டு அனுப்பும் காபிப்பொடியைத் தவிர இந்த மலையில் ஒரு சொட்டு டீ நான் தொட்டதில்லை என்பது உண்மை, ஆனால் ஃபேக்டரியில் சலிக்கும் பிரிவில் வேலை செய்யும் வீரையா, அதாவது இந்த ஜீவாவின் அப்பா, ஒரு நாள் எல்லாம் சுற்றிக் காட்டியிருக்கிறார். பெரிய இலை மேல் சல்லடையில் நிற்கும், அடுத்தது அடுத்ததில், எதிலும் நிற்காமல் கடைசியில் அடியில் கொட்டுவது டஸ்ட். ஆக என் இடம் எது என்று சபையிலேயே சொல்லியாயிற்று. பாலகுமார் ஒரு வாய் உறிஞ்சினான். முகத்தை விளக்கெண்ணெய் குடித்தவன் மாதிரி வைத்துக்கொண்டு, “கடுங் கசப்பு. தொண்டையப் புடிக்கிது. தூங்குறவன எழுப்பி உக்கார வைக்கும்” என்றான். அப்புறம் துப்பவில்லை, மச்சான். எல்லாரையும் துப்பினவன் என்னைத் துப்பவில்லை. பக்கெட்டுக்குக்கூட லாயக்கில்லை போலிருக்கிறது.

“கேக்குறவங்க உண்டா?” என்றாள் ஜீவா. ஒன்பதாம் வகுப்பு பதினான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். இரண்டாம் தரம் கேட்டாள். எவனோ ஒருவன் தும்மினான், அவன் வாயையும் பக்கத்தில் இருந்தவள் பொத்தினாள். மூன்றாம் தரம் தட்டி, “கேட்பார் இல்லை. எடுத்து உள்ள வைடா” என்றாள். ஏனுங்க மச்சான், ஒரு அஞ்சு கேட்டிருக்கக் கூடாதா? மரியாதைக்கு ஒரு ரெண்டு? குரங்குக்கு எழுபத்தஞ்சு எழுதறவனுக்கு எம்.ஃபில்லுக்கு ரெண்டு எழுதக் கை வலிக்குமா?

எழுந்தேன், நடந்தேன். வாசலில் நல்ல மழை, கைக்கு வந்த குடையை விரித்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து அம்மையார் “சார், அது என் குட” என்றார். கோபமாகப் போகிற மனிதன் திரும்பக் கூடாது, திரும்பினால் கோபம் பாதியாகிவிடும். பஸ் ஸ்டாண்ட் வரை ரோஸ் பூப் போட்ட குடையில், ஓரத்தில் ஜரிகை வேறு, நடந்து வந்தேன். பேக்கரிக்கார மலையாளி டெனின், “எந்தா சாரே, குட புதுசா? நல்லா சேருது” என்றான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் உள்ளே இரண்டு அட்டைப்பூச்சி. இந்த மலையில் என்னை விரும்பி ஒட்டிக்கொண்டது அவை மட்டும்தான்.

ஆகவே விண்ணப்பத்தை மறக்காமல் கொடுங்கள். செயலாளர் காரணம் கேட்டால் காட்டுவதற்கு அந்த ஏலப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன், ஏழாவது வரியைச் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். மருமகன்கள் இருவருக்கும் ஆசி, கணக்கில் குறைவாக வாங்கியவனுக்குப் பாதி ஆசி. எல்லாரும் நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
ஏலம் போகாத தங்கள் மைத்துனன்,
தரணிதரன்.

பின்குறிப்பு: முன்பக்கம் தீர்ந்துவிட்டதால் இதைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தயவுசெய்து படிக்கவும். ஏலப் பட்டியலை உறைக்குள் போட மடித்தபோது அதன் பின்பக்கம் கண்ணில் பட்டது. நானாகத் திருப்பவில்லை, பட்டது. ஜீவாவின் கையெழுத்து. அப்படியே தருகிறேன்:

“லாட் 7 விற்பனைக்கு இல்ல. பெரிய எலையெல்லாம் வெளியூருக்குப் போயிரும். நம்ம லயத்துல காலையில எந்திரிச்சு எல்லாரும் குடிக்கிறது டஸ்ட்தான். அது இல்லாம மலை ஏற முடியாது. அதனால இத நாங்களே வச்சுக்கிறோம். யாரும் கேக்கக் கூடாதுன்னு ஒம்பதாவதுகிட்ட மொதல்லயே சொல்லியாச்சு. பதினொண்ணாவது வேற ஸ்கூலுக்குப் போனாலும் ஞாயித்துக்கெழம கணக்குக்கு சார் வீட்டுக்கு வர்றதா முடிவு பண்ணிருக்கோம். சார்கிட்ட இன்னும் கேக்கல, பயமா இருக்கு. பின்பக்கம் எழுதுனா சார் படிக்க மாட்டாரு, அந்த தைரியத்துலதான் எழுதுறேன்.”

கீழே பதினொரு பேரின் கையெழுத்து. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு, பாலகுமார் இரண்டு தடவை போட்டிருக்கிறான்.

விண்ணப்பத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். பட்டியலும் என்னிடமே இருக்கட்டும். டெம்போவுக்கு மட்டும் சொன்னபடி சொல்லி வையுங்கள், தங்கள் மாடியில் சும்மா கிடக்கும் இரண்டு பெஞ்சுகளையும் ஏற்றி அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள், இங்கே பதினொரு பேர் உட்கார வேண்டும். காபிப்பொடி இந்த மாதம் பாதி போதும் என்று அக்காவிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு வேலாயி அம்மாவிடம் ஒரு டம்ளர் டஸ்ட் டீ வாங்கிக் குடித்துப் பார்த்தேன். பாலகுமார் சொன்னது அத்தனையும் சரி, நானும் துப்பவில்லை.

ஜீவாவின் காலாண்டு விடைத்தாள் பீரோவில் இருந்தது. பின்பக்கத்தைத் திருத்தினேன். எட்டுக்கு ஆறு, கடைசிப் படியை விட்டுவிட்டாள்.

குரங்குக்கு எழுபத்தைந்து அதிகம் என்ற என் கருத்தில் மட்டும் மாற்றமில்லை.