ஆறாவது மாடியில் மாம்பழ வாசனை

"எல்லாரும் இறங்கியாச்சா? பாத்ரூம்ல யாராவது இருக்காங்களான்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார் கட்டட மேலாளர் ரமேஷ்பாபு.

"நல்லாப் பார்த்தேன் சார். யாரும் இல்லை," என்றான் அனந்த்.

அது உண்மைதான். பாத்ரூமில் கடைசியாக இருந்த ஆளே அவன்தான். அவன்தான் இறங்கி வந்துவிட்டானே.

வங்காளத்து நியூ டவுனின் அந்தக் கண்ணாடிக் கட்டடத்து ஊழியர்கள் அத்தனை பேரும் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றார்கள். உள்ளே அலாரம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை. அனந்த் மஞ்சள் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாகத் தலைகளை எண்ணினான். ஆறாவது மாடிக்கு அவன்தான் ஃபயர் வார்டன், அதாவது தீப்பிடித்தால் எல்லாரையும் வெளியேற்ற வேண்டியவன். ஜாக்கெட்டின் உள்பையில் வேப் இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

வேப் என்பது பார்க்கத் தடித்த ஹைலைட்டர் பேனா மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பாட்டரி, ஒரு கம்பிச்சுருள், நிகோடின் திரவத்தில் ஊறிய கொஞ்சம் பஞ்சு. வாயில் வைத்து இழுத்தால் சுருள் சூடேறும். பஞ்சிலுள்ள திரவம் ஆவியாகும். எதுவும் எரிவதில்லை. வருவது புகையல்ல, நுண்ணிய துளிகள். ஆனால் கூரையில் இருக்கும் புகை டிடெக்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதன் வயிற்றில் ஓர் இருட்டறை, இருட்டறையில் ஓர் ஒளிக்கீற்று. எது உள்ளே புகுந்து அந்த ஒளியைச் சிதறடித்தாலும் சரி, தீப்பிடித்துவிட்டது என்று முடிவுகட்டிவிடும். இதையெல்லாம் வார்டன் பயிற்சியில் படித்துத் தேறியவன் அனந்த். ஆகவே கட்டடத்தைக் காலி செய்வது தன் மாம்பழ ஆவிதான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"அலாரம் பேனல்ல ஆறாவது மாடின்னு காட்டுது," என்றார் ரமேஷ்பாபு. "பாத்ரூம்ல மாம்பழ வாசனை. எவனோ வேப் அடிக்கறான். நாட்டுலயே தடை பண்ணின சாமான். ஆள் கிடைச்சா அன்னிக்கே வேலை காலி, அப்புறம் போலீஸ். அனந்த், நீங்கதானே வார்டன்? நீங்களே விசாரிச்சு ஆளைப் பிடிங்க."

அந்த மாடி அலுவலகத்தின் தலைவி சத்யப்ரியா அடையாள அட்டையால் விசிறிக்கொண்டே, "அவசரமே இல்லை அனந்த். நிதானமா விசாரிங்க," என்றாள்.

எவ்வளவு நல்ல மேலதிகாரி என்று அனந்த் நினைத்துக்கொண்டான்.

டாக்குரியா பகுதியில் இருந்த வீட்டில் மனைவி சுப்ரியாவுக்கு அவன் சிகரெட்டை விட்டுவிட்டது மட்டும்தான் தெரியும். சிகரெட்டை விடுவதற்காக வேப்பைப் பிடித்ததும், வேப்பை விடுவதற்கு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தவிப்பதும் தெரியாது. வேலை போனால் எல்லாம் தெரிந்துவிடும்.

மறுநாள் அவன் விசாரணை முடிவைச் சொன்னான்: கணக்குப் பிரிவு பத்மஜா, மேஜைமேல் இருக்கும் பிள்ளையாருக்கு ஏற்றும் ஊதுவத்திதான் காரணம்.

மதியமே பிள்ளையார் இழுப்பறைக்குள் போனார். பத்மஜா நேராக அனந்திடம் வந்தாள்.

"ஏன் அனந்த், நான் ஏத்தறது ஒத்தை ஊதுவத்தி. அதுவும் காலம்பர வந்த உடனே. அலாரம் அடிச்சது சாயங்காலம். அதுவரைக்கும் என் பிள்ளையார் புகையைத் தும்பிக்கையில அடக்கி வெச்சிருந்தாரா?"

"ஏ.சி. காத்து சுத்தி சுத்தி வரும் பத்மஜா..."

"உன் புத்திதான் சுத்தறது," என்று சொல்லிவிட்டுப் போனவள் அப்புறம் அவனோடு பேசவில்லை.

அடுத்தபடியாக அனந்த் தொழில்நுட்பத்தை நம்பினான். இருட்டறைக்குள் ஆவி போகாவிட்டால் அலாரம் எப்படி அடிக்கும்? சுப்ரியாவின் பூப்போட்ட ஷவர் கேப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். நாலு மணிக்கு அமெரிக்க வாடிக்கையாளரோடு வழக்கமான ஃபோன் கூட்டம். மாடியில் பாதிப் பேருக்கு அதில் திட்டு விழும். முடிந்ததும் பாத்ரூமுக்கு ஓடி, கமோட்மேல் ஏறி, டிடெக்டருக்குத் தொப்பியை மாட்டினான். எலாஸ்டிக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. நிம்மதியாக ஒரு இழுப்பு இழுத்தான்.

அலாரம் அலறியது.

அவன் தட்டுத்தடுமாறி இறங்கி, மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, "எல்லாரும் வெளியே!" என்று கத்தினான். கீழே போய்த் தலைகளை எண்ணும்போதுதான் தொப்பி ஞாபகம் வந்தது.

அதற்குள் அது ரமேஷ்பாபுவின் கையில் இருந்தது.

"இது சும்மா வேப் இல்லை, நாசவேலை! பூப்போட்ட தொப்பி. அப்போ குற்றவாளி பொம்பளை." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஊதுவத்தியை நிறுத்தின கோபத்துல பத்மஜா பழி வாங்கறாங்க. எனக்கு அப்பவே தோணிச்சு."

"அது ஆம்பளைங்க பாத்ரூம் சார்!"

"அதுதான் அவங்க சாமர்த்தியம்!"

அன்று சாயங்காலம் அனந்த் படிக்கட்டில் உட்கார்ந்து, புகையிலையை விட உதவும் இலவச எண்ணைக் கூப்பிட்டான். எந்த மொழி என்று கேட்டார்கள். சுற்றிலும் வங்காளிகள் என்பதால் தமிழைத் தேர்ந்தெடுத்தான்.

"நான் நாகலக்ஷ்மி பேசறேன் சார். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"

"சிகரெட் இல்லை மேடம். வேப்."

"அதுலயும் நிகோடின்தானே? பழக்கம் ஒண்ணுதான். ஆசை எப்ப ஜாஸ்தியா வருது?"

"நாலு மணிக்கு ஒரு கிளையன்ட் கால். அது முடிஞ்ச அடுத்த நிமிஷம்."

"அந்த ஆள் அவ்வளவு மோசமா சார்?"

"நீங்க அவர்கிட்ட பேசினா நீங்களும் இழுப்பீங்க மேடம்."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. "ஆசைங்கறது அலை மாதிரி சார். ஏறும், சில நிமிஷத்துல தானா இறங்கிடும். அதுவரைக்கும் வாயில ஒரு லவங்கத்தைப் போட்டுக்கோங்க, தண்ணி குடிங்க. சரி, எந்தத் தேதியில விடறீங்க?"

"அடுத்த அலாரத்துக்குள்ள."

"என்ன சார்?"

"நாளைக்கே மேடம்."

விட்டான். கீபோர்டு எல்லாம் லவங்க வாசனை அடித்தது. நாகலக்ஷ்மி அவ்வப்போது கூப்பிட்டு விசாரித்தார். ஒருமுறை லிஃப்டில், பக்கத்தில் ரமேஷ்பாபு நிற்கும்போதே கூப்பிட்டார்.

"ஆசை வந்ததா சார்?"

"வந்தது. அடக்கிட்டேன்," என்றான் அனந்த் கிசுகிசுப்பாக.

ரமேஷ்பாபு அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுலயா?" என்று கண்ணடித்தார்.

அந்த வாரம் அமெரிக்காவில் ஏதோ விடுமுறை. நாலு மணிக் கூட்டமும் இல்லை, அலாரமும் இல்லை. நான் விட்டேன், அது நின்றது என்று அனந்த் பெருமூச்சு விட்டான்.

அந்த மூச்சு முழுதாக வெளியே வருமுன் ரமேஷ்பாபு வந்து நின்றார்.

"பார்த்தீங்களா? பத்மஜாவைக் கூப்பிட்டு மிரட்டினேன். அன்னியிலேர்ந்து அலாரம் கப்சிப். இதைவிட என்ன சாட்சி வேணும்? திங்கட்கிழமை அவங்களை வேலையை விட்டு அனுப்பிடலாம்னு நிர்வாகத்துக்கு எழுதியாச்சு."

கணக்குப் பிரிவில் பத்மஜா மூக்கைத் துடைத்துக்கொண்டே பிள்ளையாரைக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அனந்த் வாயிலிருந்த லவங்கத்தைத் துப்பினான். நேராகச் சத்யப்ரியாவின் அறைக்குள் போனான்.

"மேடம், பத்மஜா இல்லை. நான்தான். வேப் என்னோடது, தொப்பியும் என்னோடது. மனைவியோடது."

சத்யப்ரியா எழுந்து கதவைச் சாத்தினாள். "மூணு தடவையும் நீங்களா?"

"மூணு தடவையும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மூணுமேவா?"

"ஆமாம் மேடம். வேலையை விட்டு அனுப்பினாலும் பரவாயில்லை. பத்மஜா பாவம்."

அவள் ஜன்னல் பக்கம் போய்த் திரையை இழுத்துவிட்டாள். திரும்பியபோது முகத்தில் ஒரு தெளிவு.

"யாரும் எங்கேயும் போக வேண்டாம். பிள்ளையார் மேஜைக்குத் திரும்பட்டும். ரமேஷ்பாபுகிட்ட நான் பேசிக்கறேன், உங்க வேலைக்கு நான் பொறுப்பு. ஆனா ஒண்ணு. இப்ப சொன்னதை எந்தக் காலத்துலயும் மாத்திச் சொல்லக்கூடாது."

அனந்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனுஷியா!

அந்த நெகிழ்ச்சியோடு கீழே இறங்கினான். வாசலில் காவலாளி நிமாய் உட்கார்ந்திருந்தார். வங்காளத்தில் அண்ணன் என்பதற்குத் 'தாதா', சுருக்கமாக 'தா'. அலாரம் அடிக்கும்போதெல்லாம் ஆறு மாடி ஏறிப்போய் அதை நிறுத்துவது அவர் வேலை.

"மன்னிச்சுடுங்க நிமாய் தா. உங்களை மூணு தடவை ஏற வெச்சது நான்தான். பாத்ரூம்ல வேப் பிடிச்சேன். டிடெக்டர் அடிச்சிடுச்சு."

சிரிக்க ஆரம்பித்த நிமாய், நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நிறுத்திவிட்டு வங்காளத்தில் சொன்னார்.

"அந்த டிடெக்டருக்கு ஒயரே கிடையாது தாதா, துர்கா பூஜைக்கு முன்னாடியே அறுந்துபோச்சு! படிக்கட்டுல இருக்கற, அலாரம் அடிக்கிற சிவப்புப் பெட்டியை அமுக்கறது உங்க மேடம்தான். நாலு மணிக் கூட்டம் முடிஞ்சா சிகரெட் ஆசை வந்துடுதாம். 'உடனே வெளியே போய் நாலு பேரோட நில்லுங்க'ன்னு சிகரெட்டை விட உதவற ஏதோ ஃபோன்ல சொன்னாங்களாம், பாவம், யாரையும் துணைக்குக் கூப்பிட அவங்களுக்குக் கூச்சம்."