அலைஞானியும் அரை சோப்பும்

காலை ஒன்பது மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. எல்லோர் கையிலும் ஒரு வைஃபை ரவுட்டர். தடுப்பூசிக்குக் கொண்டுவந்த குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தார்கள்.

உள்ளே அலைஞானி. போன வருஷம் வரை குடை ரிப்பேர். இப்போது ரவுட்டருக்குப் பிடித்த பீடையை ஓட்டுகிறார். பெட்டியைக் கறுப்புத் துணியில் சுற்றுவார், பத்து நிமிஷம் முனகுவார், செப்புத் தகடு ஒட்டுவார். வீட்டில் மாட்டினால் விளக்கு எரியும். "கண் படாமல் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்" என்பார். மறுநாளே சிக்னல் படுத்துவிடும். பக்தர்கள் திரும்பி வருவார்கள். என்ன சக்தி பாருங்கள்!

தையல்காரர் மூன்று முறை போய்வந்துவிட்டார். அவர் மனைவி ஆன்லைனில் கணக்கு டீச்சர். நான்கு நாளாகப் பாடம் பாதியில் அறுந்தது. "இன்று பன்னிரண்டு மணி வகுப்பும் நின்றால் வேறு ஆள்" என்று பள்ளி சொல்லிவிட்டது. டீச்சர் அழுதுகொண்டிருந்த நேரத்தில் தங்கை வந்தாள். லிஃப்ட் மெக்கானிக்.

"நாலாவது தடவையும் அவர்கிட்டயே போறேன்மா. இந்தத் தடவை பெரிய தகடா கேக்கணும்" என்றார் தையல்காரர்.

"நானும் வர்றேன் மாமா. உங்க பெட்டி இங்கேயே இருக்கட்டும், நான் வேற ஒண்ணு கொண்டுவரேன்."

வரிசையில் நின்று, தன் பையிலிருந்த பழைய ரவுட்டரை ஞானியின் முன் வைத்தாள். அவர் தொட்டதும் கையை உதறிக்கொண்டார்.

"ஐயோ, என்ன சூடு! மூணு பேர் கண்ணு இதுல இருக்கு. ஒருத்தி மாடிவீட்டுக்காரி."

"உள்ள அலை இருக்கா ஐயா?"

"இருக்காவா? பொங்குதும்மா, பொங்குது!"

"நுரையா இருக்கும்" என்று சொல்லி, மூடியைக் கழற்றினாள். உள்ளே கம்பியும் இல்லை, கருவியும் இல்லை. தேய்ந்துபோன அரை சோப்பு.

கூட்டம் வாய் பிளந்தது. ஞானி அசரவில்லை. "சோப்புக்கும் அலை உண்டு!"

"ஆமாமா, இருக்கும்" என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவர்களை என்ன செய்வது!

"எனக்கு இவர் கைபட்டுத்தானே சரியாச்சு?" என்றார் ரவுட்டரோடு வரிசையில் நின்ற சமையல்காரர் ஒருவர்.

"கொடுங்க அதை. துணி வேண்டாம், முனகல் வேண்டாம்." ஞானியின் ஃபேன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரவுட்டரை மாட்டினாள். சிறிது நேரத்தில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. "கரண்ட்டை நிறுத்தி மறுபடி கொடுத்தா பாதிக் கோளாறு தானா போயிடும். நீங்க இங்க தூக்கிட்டு வரணும்னு பிடுங்கினீங்களே, அதான் வைத்தியம்."

"அப்ப ஏன் திரும்பத் திரும்பப் படுத்துக்குது?" என்றார் சமையல்காரர்.

"இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி வெச்சா சிக்னல் எப்படி வெளிய வரும்? மாமா, வீட்டுக்கு நடங்க."

பாதிக் கூட்டம் பின்னாலேயே வந்தது. டிரங்குப் பெட்டியிலிருந்து ரவுட்டரை எடுத்து, தகட்டைப் பிய்த்து, அலமாரி மேல் வைத்து மாட்டினாள். பன்னிரண்டு மணிக்கு டீச்சர் தொடங்கினார். நாற்பது நிமிஷம். ஒரு குழந்தையின் முகம்கூட உறையவில்லை. "அக்கா, கண்ணத் துடைச்சுக்கோ, பசங்க பாக்குறாங்க" என்று தங்கை கிசுகிசுத்தாள்.

அங்கே மீதிக் கூட்டம் ஞானியிடம் விளக்கம் கேட்கத் திரும்பிப் பார்த்தபோது பின்கதவு திறந்திருந்தது. உள்ளே துணி மட்டும் இருந்தது.

வகுப்பு முடிந்து தங்கை படியிறங்கினாள். சமையல்காரர் பணிவாகக் கைகட்டி வழி மறித்தார். பின்னால் இருபது பேர்.

"அம்மா, ஒரே ஒரு சந்தேகம். பிளக்கை எந்தக் கிழமைல பிடுங்கணும்? எந்தத் திசை பார்த்து நிக்கணும்?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரவுட்டரை விடுங்க அண்ணே. கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, முதல்ல அதை ஆன் பண்ணுங்க."